ஒரு மைட்ரல் இதயத்தை மீண்டும் ஜாடியில் அமைத்தல்: பெங்களூருவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூருவில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் அருங்காட்சியகத்தில், இதய நோய்களுக்கான அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு செவ்வகக் கண்ணாடி ஜாடி இருந்தது. பதிவேட்டின்படி உள்ளே இருப்பது 24 வயதுப் பெண்ணின் இதயம். 1971-இல் பிரேதப் பரிசோதனையின்போது எடுக்கப்பட்டது. ருமாட்டிக் காய்ச்சலால், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கிப்போன நோய். ஆனால் ஜாடியின் முன் நின்ற மாணவருக்குத் தெரிந்ததெல்லாம் பழுப்பேறிய திரவத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு தசைக்கட்டி மட்டுமே. பழைய ஸ்பெசிமன்களை, அதாவது பதப்படுத்திய உறுப்பு மாதிரிகளை, கழிக்கப் பட்டியல் போட்டபோது இதுவும் அதில் சேர்ந்திருந்தது. அருங்காட்சியகப் பொறுப்பில் இருப்பவள் என்ற முறையில் நான் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த ஜாடிக்கு என்ன நேர்ந்தது, அதை எப்படி மீட்டோம், மீட்கும்போது எடுத்த முடிவுகளில் அறிவியலையும் கலையையும் ஏன் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதே இந்த ஆய்வு.

ஏன் இந்த ஒன்றுக்கு இத்தனை பாடு

ருமாட்டிக் காய்ச்சல் தொண்டைப் புண்ணில் தொடங்குவது. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சிறுவயதில் தொண்டையைத் தாக்க, அதை எதிர்க்க எழும் உடலின் தற்காப்பே இதய வால்வுகளையும் புண்ணாக்கிவிடுகிறது. ஆண்டுகள் போகப்போக மைட்ரல் வால்வின் இரு இதழ்களும் தடித்து, ஓரங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நல்ல நிலையில் நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும் வால்வு, ஒரு கீறலாகச் சுருங்கிவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் மீனின் வாய் போலத் தெரியும். பாடப்புத்தகங்களும் அப்படியேதான் சொல்கின்றன.

இன்று இந்த நோய்க்கு அறுவை செய்யும்போது வால்வைத் துண்டுதுண்டாகத்தான் எடுக்கிறார்கள். மருத்துவமனைகளில் நோய் அறிவதற்கான பிரேதப் பரிசோதனைகளும் பெரிதும் குறைந்துவிட்டன. ஆகவே வளையம் அறுபடாமல், மேலறையும் கீழறையும் சேர்ந்திருக்கும் ஒரு முழு மைட்ரல் இதயம் புதிதாகக் கிடைப்பது அரிது. இந்த ஜாடியில் இருந்தது அப்படிப்பட்ட ஒன்று.

இன்னொரு காரணமும் உண்டு. இதயத்தைத் திறக்கும் வழக்கமான முறையில், ரத்தம் ஓடும் பாதையிலேயே கத்தியும் போகும். இடது மேலறையில் தொடங்கி, மைட்ரல் வளையத்தை அறுத்து, கீழறையின் பக்கச் சுவர் வழியாக நுனிவரை வெட்டுவார்கள். இதழ்களை விரித்துப் பார்க்கவும் வளையத்தின் சுற்றளவை அளக்கவும் இது நல்ல முறை. ஆனால் சுருங்கிய வால்வில் அப்படி வெட்டினால், எதைக் காட்ட வேண்டுமோ அதுவே போய்விடும். 1971-இல் இந்த இதயத்தைத் திறந்தவர் அதை உணர்ந்திருக்கிறார். இடது மேலறையின் கூரையில் மட்டும் ஒரு ஜன்னல் வெட்டி எடுத்திருந்தார், வளையத்தைத் தொடவில்லை. கீழறையின் முன்சுவரில் இன்னொரு சிறு ஜன்னல். மேல் ஜன்னலில் கீறல்வாய் தெரியும். கீழ் ஜன்னலில் வால்வைத் தாங்கும் நாண்கள் தடித்துக் குறுகிப்போனது தெரியும். அந்தக் கை யாருடையது என்று பதிவேட்டில் இல்லை.

ஜாடி வந்த நிலை

மூடியை ஒட்டியிருந்த தார்ப்பூச்சு வெடித்து, திரவம் மூன்றில் ஒரு பங்கு ஆவியாகியிருந்தது. இடையில் யாரோ குழாய்த் தண்ணீரும் ஃபார்மலினும் (உறுப்பை அழுகாமல் காக்கும் ஃபார்மால்டிஹைடு கரைசல்) கலந்து ஊற்றி நிரப்பிய அடையாளம் கண்ணாடியில் கோடுகோடாகத் தெரிந்தது. திரவத்துக்கு வெளியே நின்ற மேலறைச் சுவர் அப்பளம் போல் விறைத்துவிட்டது. தையல் நூல்களில் இரண்டு அறுந்ததால் இதயம் முகம்குப்புறச் சரிந்து, ஜன்னல் இரண்டும் பின்சுவரைப் பார்த்திருந்தன. பழைய கடித உறை ஒன்றில் பிரேதப் பரிசோதனைச் சீட்டின் பிரதி கிடைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த வேலை தெரிந்தவர்கள் கல்லூரியில் இப்போது இல்லை. ஓய்வுபெற்ற டெக்னீஷியன் ஒருவரை ஸ்ரீராமபுரத்தில் தேடிப் பிடித்தேன். பின்னி மில்லில் தறி ஓட்டியவரின் மகன். முடிச்சுப் போடவும் நூலின் இழுவையைக் கையால் அறியவும் அப்பாவிடம் கற்றதாகச் சொல்வார். வருமுன் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: "அவசரப்படுத்தக் கூடாது, டாக்டரம்மா. திரவம் தன் வேலையைத் தன் வேகத்தில்தான் செய்யும்."

செய்த வேலை

முதலில் ஓடும் தண்ணீரில் பழைய ஃபார்மலினைக் கழுவி வெளியேற்றினோம். காய்ந்த பகுதியை நனைக்க அவர் தேர்ந்தது டிரைசோடியம் ஃபாஸ்பேட்டின் மிக நீர்த்த கரைசல். அரை சதவீதத்துக்கும் குறைவு. காய்ந்து சுருங்கிய திசுவை மெல்ல நீர் ஏற்க வைக்கும் பழைய வழி இது. அடர்த்தி கூடினாலோ நேரம் கூடினாலோ திசு கூழாகிவிடும். சுவர் வளையத் தொடங்கியதும் நிறுத்தி, நன்கு அலசி, புதிய ஃபார்மலினில் போட்டோம்.

நிறத்தின் கதை தனி. ஃபார்மால்டிஹைடு திசுவை இறுக்கிக் காக்கும் என்பதை 1893-இல் ஃபெர்டினாண்ட் புளூம் கண்டறிந்தார். அதற்கு முன் சாராயம்தான். அது உறுப்பைச் சுருக்கி வெளுக்கச் செய்துவிடும். ஃபார்மலின் வடிவத்தைக் காத்தது, ஆனால் ரத்தச் சிவப்பைச் சேற்றுப் பழுப்பாக்கியது. அதே பத்தாண்டிலேயே கார்ல் கைசர்லிங் அதற்கு வழி சொன்னார்: உப்புகள் சேர்த்த ஃபார்மலினில் இறுக்குவது, சாராயத்தில் சிறிது நேரம் வைத்து நிறத்தை எழுப்புவது, பிறகு கிளிசரினும் அசிட்டேட் உப்பும் கலந்த திரவத்தில் நிலையாக வைப்பது. உலகெங்கும் மருத்துவக் கல்லூரி ஜாடிகளில் நாம் காணும் அந்தத் தெளிந்த திரவம் பெரும்பாலும் இதன் வழி வந்ததுதான். எங்கள் இதயம் பல ஆண்டுகளாக மங்கிக் கிடந்ததால் சாராயம் பயன்படாது. சோடியம் ஹைட்ரோசல்பைட்டை மூடுவதற்குச் சற்று முன் திரவத்தில் கலந்தோம். அது திசுவில் எஞ்சியிருந்த நிறப்பொருளை வேதியியல் முறையில் திருப்பி, ஓரளவு சிவப்பைக் கொண்டுவந்தது. தசை தேறியது, வெளுத்த இதழ்கள் வெளுத்தபடியே இருந்தன. நல்லதாகவே போயிற்று: தழும்பேறிய வால்வு வெளிறித்தான் இருக்கும்.

கிளிசரின் திரவத்தில் போட்ட முதல் நாள் இதயம் மிதந்தது. உள்ளே இருக்கும் நீரும் வெளியே இருக்கும் திரவமும் சமநிலைக்கு வரும்வரை அது மூழ்காது. மூழ்கும் முன் தைக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்; மிதக்கும் உறுப்பைத் தைத்தால் பிற்பாடு நூல் தளர்ந்து கீழே சரியும். முதல் ஜாடியில் நேர்ந்தது அதுவாக இருக்கலாம்.

கத்தி வேண்டாம் என்ற முடிவு

துறையின் இளம் விரிவுரையாளர் ஒருவர், வளையத்தை அறுத்துத் திறந்தால் இதழின் தடிமன் பக்கவாட்டில் தெரியுமே என்று கேட்டார். நியாயமான கேள்விதான், தேர்வில் கேட்பதும் தடிமனைப் பற்றித்தான். டெக்னீஷியன் உடனே கையை நீட்டி இதயத்தைத் தன் பக்கம் நகர்த்தினார். "வெட்ட வேண்டாம். வெட்டினால் வாய் போய்விடும். வாய் போனால் இந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்பதே போய்விடும். தடிமன் காட்ட வேறு இதயம் இருக்கிறது."

மாதிரி அமைப்பதில் கலை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இந்த மறுப்பைத்தான் சொல்வேன். எதை வெட்டுவது, எதை விடுவது, எந்தப் பக்கம் கண்ணுக்கு எதிரே வர வேண்டும் என்பதை நோய் தானாகச் சொல்லிவிடாது. நோயை அறிந்த ஒருவர் பார்ப்பவரின் கண்ணை மனத்தில் நிறுத்தி முடிவெடுக்க வேண்டும். ஓவியர் எங்கே நின்று வரைவது என்று தேர்வதும் இதே செயல்தான்.

அமைப்பு

அவர் செய்ததை அருகிருந்து பார்த்தேன். பின்பலகைக்குக் கருநீல அக்ரிலிக்கைத் தேர்ந்தார். வெள்ளைப் பலகையில் வெளிறிய இதழ்கள் கரைந்துபோகும் என்றார். இதயத்தைப் பலகையில் வைத்து, அலமாரியில் ஜாடி நிற்கப்போகும் உயரத்துக்கு மேசையில் புத்தகங்களை அடுக்கி, மாணவர் நிற்கும் தூரத்தில் தானே போய் நின்று பார்த்தார். மறுபடி வந்து சற்றுச் சாய்த்தார். பாடநூல் படங்களில் இதயம் நுனியில் நிமிர்ந்து நிற்கும். அப்படி வைத்தால் மேல் ஜன்னலுக்குள் பார்க்க நாற்காலியில் ஏற வேண்டும். அவர் அதை முன்பக்கமாகக் கவிழ்த்துச் சாய்த்தார். நின்ற இடத்திலிருந்தே மேலறைக்குள் பார்வை இறங்கி, கீறல்வாயில் போய் நிற்கும்படி. நல்ல மைட்ரல் வால்வில் இரு விரல்கள் நுழையும். இதில் ஒரு பென்சில் நுழையாது. அது தெரிவதற்குத்தான் இத்தனையும்.

தையலுக்கு இதய நிறத்தில் மெல்லிய நைலான் நூல். நூல் திசுவை அறுத்துக்கொண்டு போகாமலிருக்க ஒவ்வொரு தையலின் அடியிலும் ஒரு சிறு கண்ணாடி மணியைக் கோத்தார். சிக்பேட்டையில் வாங்கிய நிறமற்ற பாசிமணிகள். திரவத்துக்குள் போனதும் கண்ணுக்கே தெரியாது. பலகையில் துளையிட்டு, முடிச்சுகளைப் பின்புறம் போட்டார். ஒரு தையல்கூட வால்வின் மீதோ உறைகட்டியின் மீதோ விழவில்லை. உறைகட்டியைச் சொல்ல மறந்துவிட்டேன்: மேலறையின் காதுமடல் போன்ற சிறு பைக்குள் அடுக்கடுக்காக உறைந்த ரத்தம் அப்படியே இருந்தது. வெளியேற வழியின்றித் தேங்கிய ரத்தம் அங்கேதான் உறையும். அதிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்தால் மூளைக்குப் போய்ப் பக்கவாதம் உண்டாகும்.

ஜாடியைச் செவ்வகமாகவே செய்தோம். வட்ட ஜாடியில் நிரம்பிய திரவம் லென்ஸாக மாறி உறுப்பை அகலமாக்கிக் காட்டும். வால்வின் அகலத்தைக் காட்ட வந்த ஸ்பெசிமனுக்கு அது பொய் சொல்வதற்குச் சமம். சிவாஜிநகரில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் அக்ரிலிக் பலகைகளை அளவாக வெட்டி வாங்கினோம். அதே அக்ரிலிக்கின் துருவல்களைக் குளோரோஃபார்மில் கரைத்தால் கிடைக்கும் பசைதான் மூலைகளை ஒட்டுவதற்கு. மூடியின் மூலையில் சிறு துளையிட்டு, அதன் வழியே திரவத்தை நிரப்பி, ஜாடியைச் சாய்த்து வைத்தோம். மடிப்புகளுக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் இரவெல்லாம் வெளியேறின. பைக்குள் பிடிவாதமாக நின்ற ஒன்றை நீண்ட ஊசியும் சிரிஞ்சும் கொண்டு திரவத்தைப் பாய்ச்சி விரட்டினார். பிறகு துளையை அடைத்தோம்.

வேலை முழுவதும் கையுறையும் காற்றோட்டமும் இருந்தன. அவர் பணியில் சேர்ந்த காலத்தில் இரண்டும் கிடையாது. அவர் விரல் நுனிகள் வெடித்துத் தடித்திருப்பதைப் பார்க்கிறேன். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது. இந்நாட்டின் மருத்துவக் கல்லூரி அலமாரிகளை நிரப்பிய கைகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே அந்தத் திரவத்தில் ஊறிவிட்டன.

இந்த வேலைக்கு முன்னோர்

கலையும் உடற்கூறும் சந்தித்த இடங்களில் ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரெடெரிக் ரய்ஷ் (1638–1731) முதலில் நினைவுக்கு வருவார். ரத்தக் குழாய்களில் நிறமேற்றிய மெழுகைச் செலுத்தி, இறந்த திசுவுக்கு உயிரின் நிறம் தந்தவர். குழந்தை உறுப்புகளுக்கு லேஸ் துணி அணிவித்தார். சிற்றெலும்புக்கூடுகளை உடற்சவ்வையே கைக்குட்டையாக ஏந்தி அழ வைத்தார். அவர் மகள் ராஹெல் ரய்ஷ் புகழ்பெற்ற மலர் ஓவியர். மகா பீட்டர் 1717-இல் இந்தத் தொகுப்பை 30,000 கில்டருக்கு வாங்கி ரஷ்யாவுக்குக் கொண்டுபோனார். ரய்ஷின் கைத்திறன் என்னை வியக்க வைக்கிறது. ஆனால் அந்த லேஸ் எனக்கு உறுத்துகிறது; அது நோயிலிருந்தும் உடலிலிருந்தும் கண்ணை விலக்கி, மரணத்தைப் பற்றிய உபதேசத்தின் பக்கம் இழுக்கிறது.

ஃபிளாரன்ஸில் கிளெமென்தே சுசினி செய்த மெழுகு உடல்கள் வேறு வகை. அழகிய இளம்பெண், கழுத்தில் முத்துமாலை, திறந்த வயிறு. அவை எவருடைய உடலும் அல்ல. பல சடலங்களைப் பார்த்துச் சேர்த்த ஒரு பொதுவுடல். இந்த வேறுபாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். மெழுகு உடலைக் கற்பிக்கும். ஜாடி ஒரு மனிதருக்கு நேர்ந்ததைக் காட்டும். 1977-இல் குந்தர் ஃபொன் ஹாகென்ஸ் ஹைடெல்பெர்கில் கண்ட பிளாஸ்டினேஷன், திசுவின் நீரையும் கொழுப்பையும் அசிட்டோனால் வெளியேற்றி, வெற்றிடத்தில் சிலிகானைப் புகுத்துகிறது. உலர்ந்தது, கையில் எடுக்கலாம், மணம் இல்லை. முதலாண்டு மாணவர்க்கு உடற்கூறு கற்பிக்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் ஒரு மெல்லிதழின் ஒளிபுகும் தன்மை, அதில் தழும்பு ஏறிய இடத்தில் ஒளி தடைபடுவது, இவற்றை நான் திரவத்தில்தான் நன்றாகக் கண்டிருக்கிறேன்.

இந்த ஊரிலேயே, மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான தேசிய நிறுவனமான நிம்ஹான்ஸில் ஒரு மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. பொதுமக்கள் மனித மூளையைக் கையில் ஏந்திப் பார்க்க அங்கே இடம் தருகிறார்கள். மூளை மாதிரி என்று பார்க்கும்போது அதன் பின்னுள்ள பொறுமை யாருக்கும் தெரிவதில்லை. புதிய மூளை மிக மென்மையானது. தொட்டியின் அடியில் வைத்தால் தன் எடையாலேயே தட்டையாகிவிடும். அடிப்பகுதித் தமனியின் கீழ் நூலைக் கோத்து, ஃபார்மலினில் தலைகீழாகத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். மடிப்புகள் மடிப்புகளாகவே நமக்குக் கிடைப்பது அந்த நூலால்.

அந்தப் பெண்

கடித உறையில் கிடைத்த சீட்டு, பதிவேடு விட்டுவிட்ட ஒன்றைச் சொன்னது. இறக்கும்போது அவர் ஏழு மாதக் கர்ப்பிணி.

இதைப் படித்த பிறகு அந்த இதயம் எனக்கு வேறாகத் தெரிந்தது, மருத்துவக் காரணத்தாலும்தான். கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வரை கூடும், துடிப்பும் விரையும். துடிப்பு விரைந்தால் இதயம் தளர்ந்து நிரம்பும் நேரம் குறுகும். சுருங்கிய வால்வு வழியாக ரத்தம் இறங்க வேண்டியதோ அந்த நேரத்தில்தான். கூடுதல் ரத்தம், குறைந்த நேரம், பென்சில் நுழையாத துளை. மேலறையில் தேங்கும் அழுத்தம் நுரையீரலுக்குத் திரும்பி, அங்கே நீர் கோக்கும். சிறுவயதிலிருந்தே அந்த வால்வோடு நடமாடிய ஒருவர், அதுவரை தன் நோயை அறியாமலேயே இருந்திருக்கக்கூடும்.

பழைய லேபிளில் நோயின் பெயர் மட்டும் இருந்தது. ஜாடி எவ்வளவு நன்றாக அமைந்தாலும், அவர் ஏன் அந்த மாதத்தில் இறந்தார் என்பதை அது சொல்லாது. புதிய லேபிளில் வயதையும் ஆண்டையும் கர்ப்பத்தையும், அந்த வால்வு அவரை ஏன் கைவிட்டது என்பதையும் நான்கு வரிகளில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். பெயர் இல்லை, இருக்கக் கூடாது. அவர் காலத்தில் யாரிடம் என்ன சம்மதம் கேட்டார்கள் என்பதற்குச் சீட்டில் ஒரு சொல் இல்லை. லண்டனின் ஹண்டேரியன் அருங்காட்சியகம், தன் உடலைக் கடலில் சேர்க்க வேண்டும் என்று விரும்பிய, அசாதாரண உயரத்தால் அறியப்பட்ட 18-ஆம் நூற்றாண்டு அயர்லாந்துக்காரர் சார்லஸ் பெர்னின் எலும்புக்கூட்டை, 2023-இல் மீண்டும் திறந்தபோது காட்சியிலிருந்து நீக்கியது. சம்மதம் இல்லாத ஒவ்வொரு ஜாடியையும் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வைத்துக்கொள்வதானால் அந்த உறுப்பு கற்பிக்கும்படி வைக்க வேண்டும். பழுப்புத் திரவத்தில் கவிழ்த்துப் போட்டு வைத்திருந்த அத்தனை ஆண்டுகளும் அவருக்குச் செய்த அநீதி என்றே கருதுகிறேன்.

விளைவு

ஜாடி இப்போது கண்மட்டத் தட்டில், வெயில் படாத வடக்குச் சுவரோரம் நிற்கிறது. நேர்வெயில் நிறத்தைத் தின்றுவிடும். திரவ மட்டம் இறங்கவில்லை. எக்கோ படத்தில் மீன்வாய் திறந்து மூடுவதைக் காட்டுமுன் மாணவர்களை முதலில் இந்த ஜாடியின் முன் நிறுத்துகிறேன். 1925-இல் லண்டனில் ஹென்றி சூட்டர் மேலறைப் பை வழியாக விரலை நுழைத்து, கண்ணால் காணாமலே ஓர் இளம்பெண்ணின் மைட்ரல் வால்வைத் தொட்டு விரித்தார் என்பதையும், 1984-இல் கான்ஜி இனோவே வெளியிட்ட பலூன் முறை அதே ஒட்டிய ஓரங்களைப் பிரிக்கிறது என்பதையும் இங்கே நின்று சொன்னால் உடனே புரிகிறது. ஓரம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டுகிறார்கள். தொண்டைப் புண்ணுக்கு உரிய நேரத்தில் பென்சிலின் கொடுத்திருந்தால் இந்த வாய் மூடியிருக்காது என்று நான் சொல்லும்போது செவிலியர் மாணவிகள் குறித்துக்கொள்கிறார்கள்.

பதிவேட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம்: அமைத்தவர் பெயர். டெக்னீஷியன் தன் பெயரை எழுதும் முன், 1971-இல் ஜன்னல் வெட்டியவரின் பெயர் தெரிந்தால் அதை மேலே எழுத இடம் விடச் சொன்னார். விட்டிருக்கிறோம். தன் காலத்து சக ஊழியர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

வேலை கற்க இரண்டு இளம் டெக்னீஷியன்கள் அவரிடம் சேர்ந்திருக்கிறார்கள். அடுத்து அலமாரியிலிருந்து இறங்கியிருப்பது காசநோயால் குழி விழுந்த ஒரு நுரையீரல். குழியை முழுதாக முன்னால் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். அவர் அதைச் சற்றுத் திருப்பி, குழி மூச்சுக்குழாயோடு சேரும் இடத்தைக் காட்ட வேண்டும் என்கிறார். கிருமி இருமலில் வெளியேறும் வழி அதுதான், அதைப் பார்க்காவிட்டால் அடுத்தவருக்கு நோய் எப்படிப் போகிறது என்பது எப்படிப் புரியும் என்று கேட்கிறார். அவர் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று தோன்றுகிறது. சிவாஜிநகர் கடையில் பலகைக்கு அளவு கொடுத்தாயிற்று.